காலையில் பழுப்பாகியிருந்த குழாய்: பூச்சிச் சேர்மங்களைக் கணினியில் சலித்த ஒரு நிகழ்வு ஆய்வு

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமனித் தடிப்புக்கு மருந்தாகக்கூடும் என்று கணினி முன்வரிசையில் நிறுத்திய பூச்சிச் சேர்மத்தை நாங்கள் கைவிட்டோம். கைவிடச் சொன்னது எந்த மென்பொருளும் இல்லை, ஓர் இரவு முழுக்க வெதுவெதுப்பில் இருந்த ஒரு சின்னக் குழாய். அந்தக் குழாய்வரை எப்படிப் போனோம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். இந்த வகை ஆய்வுகள் பலவும் அதற்கு முன்பே, வண்ணப் படங்களோடும் அழகான அட்டவணையோடும் நின்றுவிடுகின்றன.

எதை அடைக்கப் பார்த்தோம்

தமனித் தடிப்பு என்றதும் தண்ணீர்க் குழாயில் அழுக்கு படிகிற படம்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். நடப்பது குழாயின் வழித்தடத்தில் இல்லை, சுவருக்குள்ளே. கொலஸ்ட்ராலைச் சுமந்து இரத்தத்தில் மிதக்கும் எல்டிஎல் துகள்கள் உட்சுவரைத் தாண்டி உள்ளே போய்த் தங்குகின்றன. தங்கிய இடத்தில் ஆக்சிஜனேற்றம் அடைகின்றன. அப்படிக் கெட்டுப்போன எல்டிஎல்லைச் சுவரில் உள்ள செல்கள் பிடித்து விழுங்குகின்றன. விழுங்கி விழுங்கி நுரைபோல் உப்பிய செல்கள் குவியக் குவியத் தடிப்பு வளர்கிறது.

பிடிக்கிற கைகளில் ஒன்று லாக்ஸ்-1 என்ற ஏற்பி. 1997-ல் ஜப்பானில் தட்சுயா சவாமுராவின் குழு மாட்டின் பெருந்தமனி உட்சுவர்ச் செல்களில் அதைக் கண்டெடுத்தது. எல்டிஎல் ஏற்பி இல்லாத எலிகளில் இதன் மரபணுவையும் நீக்கியபோது தடிப்பு குறைந்தது. ஆகவே இது அடைக்கத் தகுந்த கைதான்.

கணினியில் வேலை பார்ப்பவர்களுக்கு லாக்ஸ்-1 மேல் ஒரு தனி ஆசை உண்டு. 2005-ல் வெளியான படிக அமைப்புகளில் இதன் தலைப்பகுதி இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்து நிற்பது தெரிந்தது. ஜோடியின் நடுவே எண்ணெய்ப் பாங்கான ஒரு சுரங்கம். ஒரு படிகத்தில் அந்தச் சுரங்கத்துக்குள் டையாக்சேன் என்ற கரைப்பான் மூலக்கூறு போய் உட்கார்ந்திருந்தது. பொந்தும் இருக்கிறது, அதற்குள் ஏதோ நுழைந்தும் இருக்கிறது. டாக்கிங், அதாவது ஒரு மூலக்கூறு புரதத்தின் பொந்தில் எப்படிப் பொருந்தும் என்று கணினியில் கணிப்பது, செய்கிறவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆனால் அங்கேயே ஒரு நெருடல் இருந்தது. கெட்டுப்போன எல்டிஎல் துகள் 20 நானோமீட்டர் அளவுள்ள பெரிய உருண்டை. லாக்ஸ்-1 அதைப் பிடிப்பது தலையின் மேற்பரப்பில் வரிசைகட்டி நிற்கும் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலங்களால். கீழே சுரங்கத்தில் ஒரு பொடி மூலக்கூறு நுழைந்தால் மேலே உள்ள பிடி ஏன் விட வேண்டும்? இதற்கு ஒரு நல்ல பதில் 2020-ல் வந்தது. பிஐ-0115 என்ற சிறு மூலக்கூறு இரண்டு ஜோடிகளை முகத்துக்கு முகம் ஒட்டிக்கொள்ள வைக்கிறது என்று காட்டினார்கள். இரண்டு பேர் கைகுலுக்கியபடியே நின்றுவிட்டால் மூன்றாமவர் எந்தக் கையைப் பிடிப்பார்? அதே கதைதான்.

அளவுகோலாக நாங்கள் எடுத்துக்கொண்டது இந்த பிஐ-0115-ஐத்தான். ஒற்றை ஜோடியை மட்டும் வைத்து ஓட்டியபோது அது பட்டியலின் நடுவில் வந்து விழுந்தது. வேலை செய்கிறது என்று நிரூபிக்கப்பட்ட மூலக்கூறையே எங்கள் சல்லடை அடையாளம் காணவில்லை. அன்றே நிறுத்தி மாதிரியைத் திருத்தியிருக்க வேண்டும். "பின்னால் பார்த்துக்கொள்ளலாம்" என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டு நகர்ந்தோம். அந்தப் பக்கத்தை இப்போது புரட்டினாலும் கூச்சமாக இருக்கிறது.

பூச்சிச் சேர்மம் என்றால் எது

இயற்கையில் மருந்து தேடுவது புதிதல்ல. 1970-களின் தொடக்கத்தில் அகிரா எண்டோ ஆறாயிரம் நுண்ணுயிர் வகைகளைச் சோதித்து, ஒரு பெனிசிலியம் பூஞ்சையில் காம்பாக்டினைக் கண்டெடுத்தார். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் இன்றைய ஸ்டாட்டின் மருந்துகள் எல்லாம் அந்த வழியில் வந்தவை. கேப்டோபிரில் என்ற இரத்த அழுத்த மாத்திரைக்கு விதை போட்டது பிரேசில் நாட்டு விரியனின் நஞ்சு. பெயரிடப்பட்ட பூச்சியினங்கள் மட்டும் சுமார் 10 லட்சம். அங்கேயும் ஒரு கை பார்ப்போமே என்று தோன்றுவதில் தவறில்லை.

நூலகம் கட்ட உட்கார்ந்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. தேனீப் பிசினில் கேஃபிக் அமில ஃபினெத்தில் எஸ்டர் இருக்கிறது. அழற்சியைக் கிளப்பும் என்எஃப்-கப்பா-பி பாதையை அது தடுக்கும் என்பது 1996 முதலே தெரியும். ஆனால் தேனீ அதைத் தயாரிக்கவில்லை. பாப்லர் போன்ற மரங்களின் மொட்டில் கசியும் பிசினைச் சுரண்டி எடுத்து வருகிறது, அவ்வளவுதான். பெடரின் என்ற சேர்மம் பட்டால் தோல் வெந்து கொப்பளிக்கும். வண்டின் நஞ்சு என்றுதான் அதைச் சொல்வார்கள். உண்மையில் அதைச் சமைப்பது வண்டுக்குள் வாழும் பாக்டீரியா. ஆக, பூச்சி சில நேரம் உற்பத்தியாளர், சில நேரம் சுமைகூலி, சில நேரம் வீட்டு உரிமையாளர். மூன்றையும் ஒரே பெயரில் சேர்த்துப் பட்டியல் போடுவது வழக்கமாகிவிட்டது. நாங்கள் பிரித்து வைத்தோம். பூச்சியின் உடலே தயாரிப்பவை மட்டும் முதல் பெட்டிக்குப் போயின.

தேனீ நஞ்சின் மெலிட்டினை ஒதுக்கினோம். 26 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலி அது. நூற்றுக்கு மேல் சுழலும் பிணைப்புகள் உள்ள ஒன்றைச் சாதாரண டாக்கிங்கில் போட்டால் வருவது சீட்டுக் குலுக்கல்தான். போதாததற்கு அது சிவப்பணுக்களின் சவ்வை ஓட்டை போடும்.

பூச்சி மெழுகில் உள்ள ஆல்கஹால்களை உள்ளே விட்டோம். 28 கார்பன் நீளமுள்ள ஆக்டகோசனால் அந்த எண்ணெய்ச் சுரங்கத்தில் புற்றுக்குள் பாம்பு போவதுபோல வழுக்கிக்கொண்டு போனது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் அதை முக்கிய அங்கமாகக் கொண்ட கரும்பு மெழுகுக் கலவையான பாலிகோசனாலை ஜெர்மனியில் 143 பேருக்கு, ஒரு நாளைக்கு 80 மில்லிகிராம் வரை கொடுத்துப் பார்த்தார்கள். 2006-ல் வந்த முடிவின்படி எல்டிஎல் அசையவே இல்லை. கியூபாவிலிருந்து அதற்கு முன் வந்திருந்த அத்தனை நல்ல செய்திகளுக்கும் இப்படி ஒரு பதில். கொலஸ்ட்ராலைக் குறைப்பதும் லாக்ஸ்-1-ஐ அடைப்பதும் வேறு வேறுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் படத்தைப் பார்த்து மயங்காமல் இருக்க இது ஒரு நல்ல கடிவாளம்.

வினாவும் விடையும்

நாங்கள் பயன்படுத்திய டாக்கிங் மென்பொருள் ஆட்டோடாக் வினா. பெயரிலேயே வினா இருக்கிறது. அது கொடுப்பதை விடை என்று எடுத்துக்கொள்வதுதான் நம் வழக்கமான பிழை.

ஓட்டம் முடிந்த மாலை எங்கள் குழுவின் இளையவள் ஓடிவந்தாள். "அக்கா, பாருங்க, மைனஸ் ஒன்பது! அதுவும் ஒன்னு இல்ல, வரிசையா இருக்கு!"

"உட்காரு. அந்த ஒன்பதுக்கு என்ன அர்த்தம்னு மொதல்ல கணக்குப் போடுவோம்" என்றேன்.

அந்தக் கணக்கை இங்கேயும் போட்டுக் காட்டுகிறேன். அறை வெப்பத்தில் ஒட்டும் வலிமை பத்து மடங்கு மாற, ஆற்றலில் சுமார் 1.36 கிலோகலோரி மாறினால் போதும். மைனஸ் 9 கிலோகலோரி என்றால் ஏறக்குறைய 250 நானோமோலார் செறிவில் ஒட்டும் என்று பொருள்; செறிவு குறையக் குறைய ஒட்டு வலுவானது. மருந்துத் தேடலின் தொடக்கத்துக்கு அருமையான எண். ஆனால் வினாவை உருவாக்கியவர்களே தங்கள் 2010 கட்டுரையில் கணிப்பின் திட்டப்பிழை 2.85 கிலோகலோரி என்று எழுதியிருக்கிறார்கள். அதை 1.36-ஆல் வகுத்தால் இரண்டுக்குச் சற்று மேலே, அதாவது இரண்டு பத்துமடங்குகள். நூறு மடங்குக்கும் கூடுதலாக மேலேயோ கீழேயோ போகலாம். ஆகவே எங்கள் மைனஸ் 9 சேர்மம் 2 நானோமோலாரில் ஒட்டலாம், 30 மைக்ரோமோலாரிலும் ஒட்டலாம். முதலாவது தங்கம், இரண்டாவது தவிடு. இந்த நிலையில் மைனஸ் 9.1 மைனஸ் 8.8-ஐவிடச் சிறந்தது என்று பத்தி பத்தியாக விவாதிப்பது காய்கறித் தராசில் கல்யாண நகை நிறுப்பதைவிட மோசம். இங்கே தராசே தள்ளாடுகிறது.

இன்னொரு கோணலும் உண்டு. இந்த மதிப்பெண், மூலக்கூறு பருக்கப் பருக்கத் தானாக ஏறும். ஒவ்வோர் அணுவும் ஏதோ ஒன்றைத் தொட்டுக் கொஞ்சம் ஆற்றல் சேர்க்குமே. எங்கள் பட்டியலின் தலையில் கார்மினிக் அமிலம், அரக்குப் பூச்சியின் லக்காயிக் அமிலம், மூன்று அலகுகள் இணைந்த மும்மடிச் சேர்மங்கள் என்று பருத்தவை எல்லாம் வந்து உட்கார்ந்தன. கடைசி வரிசையில் காந்தாரிடின்.

அங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். காந்தாரிடின் கொப்புள வண்டின் நஞ்சு. 1810-லேயே பிரான்சில் ராபிகே பிரித்தெடுத்தது. ஹைட்ரஜனை விட்டுவிட்டு எண்ணினால் மொத்தம் 14 அணுக்கள்தான். இந்தப் பொடியன் பிபி2ஏ என்ற நொதியை மைக்ரோமோலாருக்கும் கீழான செறிவில் முடக்குவான். பத்து மில்லிகிராம் அளவு உள்ளே போனாலே உயிருக்கு ஆபத்து. அமெரிக்காவில் 2023-ல் ஒரு தோல் நோய்க்கு மேற்பூச்சாக அனுமதி கிடைத்ததும் மருத்துவரே தொட்டுவைக்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டோடுதான். எங்கள் கையில் இருந்த பூச்சிச் சேர்மங்களில் உடலில் இத்தனை வலிமையாக வேலை செய்வது தெளிவாகத் தெரிந்த ஒன்றைச் சல்லடை கடைசியில் தள்ளியது. லாக்ஸ்-1-க்கு அது ஒட்ட வேண்டிய கட்டாயம் இல்லைதான். ஆனால் அதன் உண்மையான இலக்கிலேயே ஓட்டிப் பார்த்தாலும் பெரிய மதிப்பெண் வராது. அந்த நொதியில் அது வளையம் திறந்து இரு உலோக அயனிகளைப் பற்றிக்கொண்டு வேலை செய்கிறது. புரதத்தைச் "சுத்தம்" செய்கிறேன் என்று உலோகத்தை நீக்கிவிட்டு, மூடிய வளையத்தைப் போட்டு ஓட்டினால், பூட்டைக் கழற்றிவிட்டுச் சாவியைச் சோதித்த மாதிரிதான்.

பருத்தவற்றை நீக்கினோம். வாய்வழி மருந்துக்கு மூலக்கூறு எப்படி இருக்க வேண்டும் என்று லிப்பின்ஸ்கி 1997-ல் சொன்ன வரம்புகளைப் போட்டதும் கார்மினிக் அமிலம் ஹைட்ராக்சில்களின் கூட்டத்தால் விழுந்தது, மும்மடிகள் 500 என்ற எடை வரம்பில் விழுந்தன. மேலே மிஞ்சியது ஒரே குடும்பம், என்-அசிட்டைல்டோப்பமின் இருமடிகள். எடை 386. ஹைட்ரஜன் அல்லாத அணுக்கள் 28, சரியாக இரண்டு காந்தாரிடின். சிள்வண்டு உரித்த தோலிலும் சீன மருத்துவத்தில் பயன்படும் பூச்சிகளிலும் பலமுறை பிரித்தெடுக்கப்பட்டவை. குழாய்க்கு "பூச்சி-7" என்று பெயர் எழுதி வைத்தோம்.

கரப்பானின் தோல்

எங்களுக்குத் தோன்றியிருக்க வேண்டிய, ஆனால் தோன்றாத கேள்வி ஒன்று உண்டு. இந்தச் சேர்மம் பூச்சிக்குள் என்ன வேலை பார்த்தது?

தோலுரித்த கையோடு கரப்பானைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது பால் வெள்ளையாக, மெத்தென்று இருக்கும். வேறு இனம் என்று நினைத்துக்கொள்பவர்களும் உண்டு. சில மணி நேரத்தில் பழுப்பேறி, ஓடு இறுகி, நாம் அறிந்த கரப்பானாகிவிடும். அந்த இறுக்கத்துக்குக் காரணம் என்-அசிட்டைல்டோப்பமின்தான் என்று 1962-ல் கார்ல்சனும் செக்கெரிசும் எழுதினார்கள். நொதிகள் அதன் கேட்டகால் வளையத்தை, அதாவது அடுத்தடுத்து இரண்டு ஹைட்ராக்சில்கள் உள்ள வளையத்தை, ஆக்சிஜனேற்றிக் குயினோனாக்குகின்றன. குயினோன் பக்கத்தில் இருக்கும் எந்தப் புரதத்தையும் விட்டுவைக்காது, பிடித்துத் தைத்துவிடும். புரதமும் புரதமும் தைக்கப்பட்டுத்தான் ஓடு உருவாகிறது. எங்கள் இருமடி அந்தத் தையல் வேலையில் பிறப்பது. அதிலும் ஒரு கேட்டகால் வளையம் இன்னும் திறந்தே நிற்கிறது.

புரதங்களைக் கண்மூடித்தனமாகத் தைப்பதற்கென்றே உருவான ஒரு வேதிப்பொருளை எடுத்து, "இது லாக்ஸ்-1-ஐ மட்டும் தேர்ந்து பிடிக்கிறது" என்று நாங்கள் எழுதவிருந்தோம். கணினிக்கு இது தெரியாது. அதன் கண்ணில் கேட்டகால் என்பது இரண்டு ஹைட்ராக்சில்கள், இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள், அதற்குரிய மதிப்பெண். அந்த வளையம் நாளை காலை வேறொன்றாக மாறியிருக்கும் என்ற செய்தி எந்தக் கோப்பிலும் இல்லை. சோதனைகளில் எதைப் போட்டாலும் "வேலை செய்கிறது" என்று ஏமாற்றும் வேதித் தொகுதிகளை 2010-ல் பெய்ல், ஹாலோவே இருவரும் பட்டியலிட்டார்கள். கேட்டகால் அதில் இருக்கிறது. அந்த வடிகட்டியை எல்லாரையும்போல நாங்களும் கடைசிப் படியாக வைத்திருந்தோம். அதற்குள் மூலக்கூறின் மேல் ஆசை வந்துவிட்டிருந்தது.

ஒரு கூட்டாளி ஆய்வகம் வேதியியல் முறையில் தொகுத்துக் கொடுத்த சில மில்லிகிராம் கையில் வந்தது. அதற்கே நன்றி சொல்ல வேண்டும். இதே கார்ல்சன் 1954-ல் புட்டெனான்டுடன் சேர்ந்து எக்டைசன் ஹார்மோனைப் பிரித்தபோது, 500 கிலோ பட்டுக் கூட்டுப்புழுவிலிருந்து கிடைத்தது 25 மில்லிகிராம். கணினிக்கு ஒரு வாய்பாடு போதும், குழாய்க்குப் பொருள் வேண்டும்.

நிறமற்ற கரைசலாக, இரத்தத்தின் அமிலநிலையான 7.4-ல், 37 பாகை வெப்பத்தில், மூடியைத் தளர்த்தி வைத்துவிட்டுப் போனோம். புரதம் எதுவும் சேர்க்கவில்லை. சும்மா நிற்குமா என்று பார்க்கத்தான். காலையில் குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தால் நீர்த்த தேநீர் நிறம். கரப்பான் செய்ததைக் குழாயும் செய்திருந்தது.

இளையவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "செல்லில் போட்டுப் பார்த்திருந்தா நல்லா வேலை செஞ்சிருக்கும்ல?" என்றாள். சரியான கேள்வி. செஞ்சிருக்கும், அதுதான் ஆபத்து. ஆய்வகத்தில் எல்டிஎல்லைக் கெடுக்கப் பொதுவாகத் தாமிர அயனியைப் பயன்படுத்துவார்கள். கேட்டகால் தாமிரத்தைக் கவ்வும், ஆக்சிஜனேற்றத்தையும் தடுக்கும். செல்கள் குறைவாக விழுங்கியிருக்கும், ஏற்பி அடைபட்டதாக நாமும் எழுதியிருப்போம். உண்மையில் எல்டிஎல் சரியாகக் கெட்டிருக்கவே மாட்டாது. ஆக்சிஜனேற்றத்தைத் தடுத்தால் போதாதா என்று கேட்கலாம். 2000-ல் வெளியான ஹோப் ஆய்வில் 9,500-க்கும் மேற்பட்டோர் பங்கேற்றார்கள். அதில் வைட்டமின்-ஈ எடுத்தவர்களுக்கு மாரடைப்போ இதயச் சாவோ குறையவில்லை. அந்தக் கதவைத் தட்டிப் பார்த்தாயிற்று.

மெத்தில் போட்ட பிறகு

ஒரு சின்னச் சோதனை மிச்சம் இருந்தது, அதைத்தான் முதல் நாளே செய்திருக்க வேண்டும். கணினியில் அந்த இரு ஹைட்ராக்சில்களுக்கும் மெத்தில் தொப்பி மாட்டினோம். இனி குயினோனாக மாற எளிய வழி கிடையாது. மறுபடி ஓட்டினோம். மதிப்பெண் பெரிதாக மாறவில்லை.

இதைப் பார்த்து மகிழ்வதா, வெட்கப்படுவதா? இரண்டும்தான். எங்கள் படத்தில் மஞ்சள் புள்ளிக்கோடு போட்டு, "முக்கியமான ஹைட்ரஜன் பிணைப்புகள்" என்று காட்டியிருந்தோமே, அவை முக்கியமே இல்லை. சுரங்கம் எண்ணெய்ப் பாங்கானது, வளையங்கள் அதில் பொருந்துகின்றன, மதிப்பெண்ணில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வந்தது. அப்படியானால் கேட்டகால் இல்லாமலே இந்த எலும்புக்கூட்டைச் சோதிக்கலாம். ஒட்டினால் அது உண்மையான ஒட்டலாக இருக்க வாய்ப்புண்டு, ஒட்டாவிட்டால் கணக்கு முடிந்தது.

கை விஷயமும் இருக்கிறது. இருமடியில் இரண்டு திருப்பு மையங்கள் உண்டு; அதனால் அது இடக்கையும் வலக்கையும்போல ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான வடிவங்களில் இருக்கலாம். பூச்சிகளிலிருந்து பிரித்தவை பலமுறை இடக்கை, வலக்கை இரண்டும் கலந்தே கிடைத்திருக்கின்றன. எங்கள் கோப்பில் இருந்தது ஒரு கை மட்டும், அதுவும் தரவுத்தளத்தில் யாரோ வரைந்தபடி. இந்த முறை இரண்டையும் தனித்தனியாக ஓட்டினோம், பிஐ-0115 காட்டிய, இரண்டு ஜோடிகள் ஒட்டிய நால்வர் அமைப்பிலும் ஓட்டினோம். தொகுக்கக் கேட்டதும் இரு கைகளையும்தான்.

அறிக்கையின் தலைப்பில் "பூச்சியிலிருந்து பெறப்பட்ட" என்ற சொற்கள் இருக்கட்டும், படிப்பவர்களை இழுக்கும் என்று ஒரு யோசனை வந்தது. மெத்தில் போட்ட பிறகு அந்த மூலக்கூறை எந்தப் பூச்சியும் தயாரித்ததில்லை. யோசனை சொன்னவரும் அதை ஒத்துக்கொண்டார், கொஞ்சம் வருத்தத்தோடு.

புதிய பொருள் வந்த அன்று மாலை அதையும் அதே மாதிரி, அதே வெப்பத்தில், மூடியைத் தளர்த்தி வைத்தோம். காலையில் தெளிவாக இருந்தது. லேபிளில் "பூச்சி-7 மெத்தில்" என்று முதல் நாள் எழுதியிருந்ததை இளையவள் அடித்துவிட்டு, வெறும் "7" என்று எழுதினாள்.